இடது கதவின் குரல்

மழைக்கு ஒதுங்கியவன் மழையைத்தானே பார்க்க வேண்டும்? அவன் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கார்களுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டித் தருகிற சின்னக் கடை அது. பெயர் சித்தப்பாவுடையது, வேலை அவளுடையது. வயர் பற்றவைக்கிற சாலிடர் புகையை ஊதிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் முதலில் பட்டது நனைந்து முதுகோடு ஒட்டிய ஒரு சட்டை. அப்புறம் அந்தக் கண்கள்... எதையோ தொலைத்துவிட்டு எழுத்து எழுத்தாய்த் தேடுகிற கண்கள்.

"என்னங்க வேணும்?"

"ஒண்ணும் வேணாம். மழை விட்டதும் போயிடுவேன்." கொஞ்சம் தயங்கினான். வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க போர்டுல 'ஒலிபெறுக்கி'ன்னு இருக்கு. அங்க பெரிய 'று' வராது. சின்ன 'ரு'தான்."

"மழைக்கு ஒதுங்கினவங்க மழையைப் பாருங்க. எங்க போர்டை நாங்க பாத்துக்கறோம்."

உள்ளே சித்தப்பா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

அவன் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். பிழை பார்த்துப் பிழைக்கிறவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். அதனால் அந்த வாயை நாம் மன்னித்துவிடலாம். அவள்தான் உடனே மன்னிக்கவில்லை.

மழையும் விடுவதாக இல்லை. நின்று நின்று அவன் பார்வை மேல் அலமாரிக்குப் போயிற்று.

"அந்த ஸ்பீக்கர்... ஒண்ணு மட்டும் குடுப்பீங்களா?"

"ஒண்ணா? செருப்புக் கடையில போயி ஒத்தைக் காலுக்குக் கேப்பீங்களா?"

"ரெண்டு காலும் ஒரே நேரத்துலயா நடக்குது? ஒண்ணு வச்ச பிறகுதானே இன்னொண்ணு."

"ஜோடியைப் பிரிச்சா மிச்சத்தை யாரு வாங்குவா?"

"நான்தான். மெல்ல வாங்கிக்கறேன்."

'மெல்ல' என்று சொன்னபோது அவன் காது மடல் சிவந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

மழை தணிந்ததும் தெருமுனையில் நிறுத்தியிருந்த தன் காருக்கு அவளைக் கூட்டிப் போனான். அவன் அப்பா வாலிபத்தில் வாங்கியது. கதவைத் திறந்ததும் பழைய ரெக்சின் வாசனை. ஜன்னலை இறக்க வளைந்த கைப்பிடி. முன்பக்கத் தட்டில் ஒரே ஒரு கேசட், மேலட்டை கூட இல்லாமல்.

அது கேசட் காலம், கண்ணுகளா. பாட்டெல்லாம் பழுப்பு நாடாவில் சுருண்டு கிடந்த காலம். நாடா சிக்கிக்கொண்டால் பாடகர் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இழுப்பார். பென்சிலைச் செருகி, பொறுமையாகச் சுற்றி, அவரைத் திரும்பவும் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பிடித்த பாட்டு திரும்ப வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். காத்திருந்து கேட்டதால்தானோ என்னவோ, அந்தப் பாட்டுகள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை...

அவள் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். மூக்கு நுனியில் கறுப்பு.

"வயரை எலி கடிச்சு வச்சிருக்கு. இதுல எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் இருமத்தான் செய்யும். முதல்ல வயர். அப்புறம் பாட்டுப் பெட்டி. கடைசியா ஸ்பீக்கர்."

"அது வரைக்கும்?"

"நீங்களே பாடிக்கிட்டு ஓட்டுங்க."

சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் அவன் வர ஆரம்பித்தான். முதலில் வயர் மாற்றினாள். அடுத்து யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன கேசட் பெட்டி ஒன்றைத் தட்டித் துடைத்து உயிர் கொடுத்தாள். அதற்கும் அடுத்து அந்த ஜோடியைப் பிரித்து வலது கதவில் ஒற்றை ஸ்பீக்கர். "ஒத்தை ஸ்பீக்கர் வந்திருக்கார்" என்று சித்தப்பா உள்ளிருந்தே குரல் கொடுப்பார். அவள் கூந்தலை ஒரு தரம் ஒதுக்கிக்கொண்டுதான் வெளியே வருவாள்.

"இவ்வளவு சிரமப்பட்டு எதுக்குங்க இந்தப் பழைய வண்டிக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் கண்ணாடியில் வழிகிற மழை நீரை விரலால் தொடர்ந்தான்.

"அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா இந்த வண்டியில ஏறவே இல்ல. எங்கயுமே போறதில்ல. சுவரைப் பாத்து உக்காந்திருக்கார். ஏன்பா ஏற மாட்டேங்கறீங்கன்னு கேட்டா, 'பாட்டே வராத வண்டியில ஏறி என்னடா பண்றது'ன்னார். அவர் சொன்ன ஒரே காரணம் அதுதான். அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் அந்தக் கேசட்டை எடுத்து உள்ளே தள்ளினாள். வலது கதவிலிருந்து ஓர் ஆண் குரல் எழுந்தது.

*எந்தத் திருப்பத்தில் உன்னைப் பார்ப்பேன்...*

அப்புறம் வெறும் இசை. இடைவெளி.

"இந்த இடத்துல ஒரு பொண்ணு பாடணுமே" என்றான் அவன். "சின்ன வயசுல பின் சீட்டுல தூங்கிக்கிட்டே கேட்டிருக்கேன். நல்லா ஞாபகமிருக்கு."

"அந்தக் குரலை இடது பக்கம் பதிஞ்சிருக்காங்க. இடது கதவுல ஸ்பீக்கர் வந்தாத்தான் கேக்கும்."

"அப்ப அது அடுத்த சம்பளத்துக்கு... இல்லன்னா அதுக்கும் அடுத்ததுக்கு."

நாடா சுருங்கியிருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்று கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். சுருக்கம் எடுக்கக் கொஞ்ச நேரம் போதும். அவள் அந்த வாரம் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டி அதைக் கேட்டாள். அந்தப் பெண் பாடும் வரி அவளுக்கு மனப்பாடமாயிற்று.

*திரும்பிப் பாரேன்... பக்கம் இருக்கேன்.*

அலமாரியில் ஜோடி போன ஸ்பீக்கர் தனியாக உட்கார்ந்திருந்தது.

"ஒத்தையா கிடக்குது. எவனாவது கேட்டா குடுத்துடேன்" என்றார் சித்தப்பா.

"அதுக்கு ஆள் இருக்கு சித்தப்பா."

"ஸ்பீக்கருக்கா?"

அவள் திருப்புளியைத் தேடுவது போல் குனிந்துகொண்டாள்.

பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை சம்பளத்துக்கு அந்த மனுஷன் காத்திருப்பார்? அவருடைய அப்பா எத்தனை நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்? யோசித்தாள்... அவ்வளவுதான் யோசித்தாள். கதவுப் பூட்டு இறுகிவிட்டது என்று அவன் காரை விட்டுப் போன நாளில், பூட்டோடு சேர்த்து அந்த ஸ்பீக்கரையும் இடது கதவில் மாட்டிவிட்டாள். என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. பாட்டே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவன் வந்தான். அந்தக் கண்களில் தேடல் இல்லை, கொதிப்பு.

"அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி வண்டியில ஏத்தினேன். பாட்டுப் போட்டேன். அந்தக் குரல் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அப்பா கதவைத் திறந்து இறங்கிட்டார். ஒரு வார்த்தை பேசல. ராத்திரி சாப்பிடவும் இல்ல."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? உங்களை யாரு அதை மாட்டச் சொன்னது? காசில்லாதவன், பாவம்னு போட்டுக் குடுத்தீங்களா?"

"பாவம்னு இல்ல..."

"பின்ன?"

பின்னே என்னவென்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? சித்தப்பா காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். எதிர்க்கடையும் பார்க்கிறது.

"தப்புக் கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேலை" என்றாள். "இதையும் சேத்துத் திருத்திக்கோங்க."

"கழட்டிடுங்க."

"இன்னிக்கு வேலையிருக்கு. அப்புறம் வாங்க."

அவன் வரவில்லை. ஒரு சனிக்கிழமை போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கூந்தலை ஒதுக்கிக்கொள்ளக் காரணம் இல்லாமல் நாட்கள் போயின. ஒரு மத்தியானம் அவள் பெயின்ட் டப்பாவை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பலகையில் பெரிய 'று'வை அழித்துச் சின்ன 'ரு' எழுதினாள். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, "இத்தனை வருஷமா தப்பாவா இருந்துச்சு?" என்றார். "ஆமா சித்தப்பா" என்றாள்.

திரும்பவும் ஒரு மழை நாள். குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெரியவர் கடை வாசலில் நின்று பலகையை ஏற இறங்கப் பார்த்தார்.

"போர்டு சரியாத்தானே இருக்கு" என்று முனகினார். "தப்பா எழுதின கடைன்னு பையன் சொன்னான். அந்தத் தப்பை வச்சுத் தேடி ரெண்டு தரம் தாண்டிப் போயிட்டேன்."

அவளுக்கு யாரென்று புரிந்துவிட்டது. அதே கண்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒரு உதவி பண்ணணும்மா. கதவுல ஒரு பொண்ணு பாடுது பாரு. அதை நிறுத்த முடியுமா?"

"நல்லா இல்லீங்களா ஐயா?"

"நல்லாத்தான் பாடுது. ஆனா அது அவ இடம்." குடைக் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார். "வண்டி வாங்கின புதுசுல ஒரு மழையில கதவுக்குள்ள தண்ணி போயி இடது ஸ்பீக்கர் செத்துப்போச்சு. அந்தப் பாட்டுல ஆம்பளை மட்டும் பாடுவான். பதில் வராது. அந்த வாரமே சரி பண்ணிடறேன்னு சொன்னேன். இடது சீட்டுல உக்காந்துக்கிட்டு அவ சொன்னா, 'எதுக்குங்க? நான் இருக்கேன்ல'ன்னு. அதுலருந்து அந்த வரி வந்தா அவதான் பாடுவா. கடைசி வரைக்கும் நான் அதைச் சரி பண்ணவே இல்ல."

வெளியே மழை கனத்தது. அவள் கையிலிருந்த வயர் நழுவி மேசையில் விழுந்தது.

அப்படியானால், பின் சீட்டில் தூங்கிக்கொண்டே அந்தப் பையன் கேட்டது... கேசட் இல்லை.

"உங்க பையனுக்குத் தெரியுமா ஐயா?"

"சொல்ல வாய் வரலம்மா. ஆசை ஆசையா பண்ணியிருந்தான்."

அவள் அச்சகத்துக்குப் போன் செய்தாள். "உங்கப்பா இங்க இருக்காங்க. வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவன் வந்து இறங்கின வேகத்தில் குடை எடுக்கவும் மறந்திருந்தான். முதல் நாள் போலவே நனைந்த தோள். பலகையைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெதுவாக அவளைப் பார்த்தான்.

அவள் அதைக் கவனிக்காதவள் போல இடது கதவைத் திறந்து குனிந்து, பாட்டுப் பெட்டியில் ஒரு சின்னக் குமிழை வலது பக்கம் முழுக்கத் திருப்பினாள்.

"இவ்வளவுதானா?" என்றார் பெரியவர். "கழட்ட வேணாமா?"

"வேணாம் ஐயா. அது பாட்டுக்கு இருக்கும். பேசாது, அவ்வளவுதான்."

பெரியவர் பின் கதவைத் திறந்தார். தானே ஏறி உட்கார்ந்தார். மகன் வாய் திறந்தபடி நின்றான்.

"முன்னாடி உக்காருங்கப்பா."

"அந்தப் பக்கம் நான் என்னிக்குடா உக்காந்தேன்? நீ ஏறும்மா. வழியில அது மறுபடி பாடிடுச்சுன்னா யாரு நிறுத்துறது?"

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். "போயிட்டு வா. எனக்கும் சாலிடர் பிடிக்கத் தெரியும்" என்றார் அவர்.

கார் மழைக்குள் நகர்ந்தது. கண்ணாடி துடைப்பான் இப்படியும் அப்படியும். நாடா சுழன்றது.

*எந்தத் திருப்பத்தில் உன்னைப் பார்ப்பேன்...*

இடைவெளி.

"இடது குரலை ஏன் நிறுத்தினீங்க?" என்று அவளைக் கேட்டான்.

"அந்தப் பொண்ணைக் கேக்காதே" என்றார் பின்னாலிருந்து அப்பா. "நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீ சின்ன வயசுல கேட்டது கேசட் இல்லடா. உங்கம்மா."

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான். மழை கண்ணாடியில் மட்டும் வழியவில்லை.

பாட்டு நிற்கவில்லை. அடுத்த சரணம் முடிந்து அந்த ஆண் குரல் திரும்பவும் கேட்டது. எந்தத் திருப்பத்தில் என்று. திரும்பவும் அந்தக் காலியிடம் வந்தது... அவள் நினைத்துச் செய்யவில்லை. வாரம் முழுக்கக் காதில் இருந்தது தானாக உதட்டுக்கு வந்துவிட்டது. மெல்ல, சுருதி கொஞ்சம் விலகி...

*திரும்பிப் பாரேன்... பக்கம் இருக்கேன்.*

பாடி முடித்ததும் பதறிப்போனாள். நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். பெரியவர் கண்ணை மூடியிருந்தார்.

"அவளும் அந்த இடத்துல சுருதியை விட்டுடுவா" என்றார். உதட்டோரம் லேசாக அசைந்தது. "வண்டியை எடுடா. ஆத்தோரமா ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

கார் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவன் தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்கு நான் பேசினது எல்லாம்... முழுக்கத் தப்பு."

"போர்டும்தான் தப்பா இருந்துச்சு."

"அதைத் திருத்திட்டீங்க."

"நீங்களும் திருத்திக்கோங்க." விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த இடது பக்கத்தை அப்படியே ஊமையா விட வேணாம். வேற பாட்டுக்காவது ஆகும். அடுத்த சனிக்கிழமை வாங்க, சரியா வச்சுத் தரேன்."

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

"எதுக்குங்க?" என்றான். "நீங்க இருக்கீங்கல்ல."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். இவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பெரியவர் கடையில் உட்கார்ந்து சொன்னபோது இவன் அங்கே இல்லை.

பின் சீட்டில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பிடியைச் சுற்றி ஜன்னலை இறக்கி, முகத்தை மழைக்குக் கொடுத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று அவள் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மெய்ப்புப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். ஒரு எழுத்து கூட மாத்த வேணாம்."

பாட்டு முடிந்து நாடா இரைந்தது. அவள் கை நீட்டி அதைப் பின்னுக்குச் சுற்றவிட்டாள். அது ஆரம்பத்துக்குத் திரும்புகிற வரைக்கும் மூன்று பேரும் காத்திருந்தார்கள்.