ஓசைக்கல்

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, மன்னார் வளைகுடாவின் அடியில் கிடந்த இருபது ஓசைக்கற்களும் ஒரே நேரத்தில் பொரியத் தொடங்கின. உயிருள்ள பவளப்பாறையின் சத்தம் அப்படித்தான் இருக்கும், சட்டியில் கடுகு தாளிப்பது போல. இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவதும் கிளிமீன்கள் பாறையைக் கொறிப்பதும் சேர்ந்த இரைச்சல் அது. கடைசிப் பாறை கடல் சூட்டில் வெந்து செத்து இருபத்தாறு வருடமாகிறது. அதன் சத்தத்தை மட்டும் எப்போதோ யாரோ பதிந்து வைத்திருந்தார்கள்.

நடுக்கடலில் பொரிந்த மீன்குஞ்சுகள் அமாவாசை இருட்டில் காதை நம்பித்தான் வீடு தேடுகின்றன. இரைச்சல் உள்ள பாறையில் இரை இருக்கும், துணை இருக்கும், ஒளிய இடம் இருக்கும். கோடி வருடமாக இது பொய்த்ததில்லை. பொய்க்க வைத்தவர் கடல்சூழலியல் முனைவர் சிகப்பி. செத்த பாறைமேல் ஒலிபெருக்கி பொதிந்த கல்லை வைத்து உயிருள்ள பாறையின் சத்தத்தை ஒலிக்கவிட்டார். குஞ்சுகள் வந்தன. வந்த குஞ்சுகள் பாசியை மேய்ந்தால் பாறை மறுபடி துளிர்க்கும் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குதான். அது பலித்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கல்லிலும் ஓர் எண்ணிக்கண் இருந்தது. கல்லை நோக்கி வரும் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் அது ஒருமுறை சிமிட்டும். அந்த மொத்தத்துக்குச் சிகப்பி வைத்த பெயர் குடியேற்ற எண். கல்லுக்குக் காதும் உண்டு. முதலில் குடியேறியவர்களின் சத்தத்தைப் பதிந்து திரும்ப ஒலித்தால், அடுத்து வருபவர்கள் இரு மடங்காவார்கள் என்பதையும் அவரே கண்டுபிடித்திருந்தார். உலகமெங்கும் அந்தக் கட்டுரையைப் படித்தார்கள்.

கற்களைத் துடைத்துப் பராமரித்தவள் கித்தேரி. கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. அவள் சரி என்றால் அறுபது குடும்பமும் சரி என்னும். அன்று அவள் நீரிலிருந்து எழும்போது கையில் கொழுத்த களவா மீன் ஒன்று இருந்தது. சிகப்பி உட்கார்ந்திருந்த படகின் விளிம்பில் வைத்து வயிற்றைக் கீறினாள். உள்ளே குஞ்சுகள் ஊசி ஊசியாக அடைந்து கிடந்தன.

"முப்பத்தேழு," என்றாள் எண்ணிவிட்டு. "கல்லைச் சுத்தி இப்ப களவாயா நிக்கிது டாக்டரம்மா. சத்தம் கேட்டதும் குஞ்சுக்கு முந்தி அது வந்துருது. ஒளிய ஒரு பொந்து கெடையாது, பாவம் எங்க போகும்?"

"அடுத்த அமாவாசைக்கு இன்னும் நெறைய வரும், பாரு," என்றார் சிகப்பி.

"வரும். எடந்தான் காலியாயிருச்சே." கித்தேரி கத்தியைத் துடைத்தாள். "வந்ததத்தான் எண்ணுறீக. இருக்கத எண்ணலியே. வெளிய போறத எண்ணவும் ஒரு கண்ணு வச்சா என்ன?"

"வெளிய எதுவும் போறதில்ல கித்தேரி."

அது உண்மைதான். சொல்லும்போது அவருக்குக் கூச்சமாகக்கூட இல்லை. எண் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற எண்ணை நோண்டிப் பார்க்கும் அறிவாளி இன்னும் பிறக்கவில்லை.

கித்தேரியின் ஊரைக் கடல் எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாகியிருந்தது. அறுபது குடும்பங்களும் நெடுஞ்சாலை ஓரத்துப் புயல் காப்பகத்தில் பாய் விரித்துக் கிடந்தன. அவர்களுக்காகக் கரை மறுகுடியமர்வு வாரியம் புதுநெய்தல் நகர் என்று தொள்ளாயிரம் வீடுகள் கட்டி வைத்திருந்தது. ஒருவரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனவர்கள் அன்றே திரும்பினார்கள். ஆள் அரவமில்லாத ஊரில் எப்படிக் குடியிருப்பது என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. காதுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாரியத்தின் இணை இயக்குநர் தயாளன், சிகப்பியின் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு மேடையோரம் வந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"மேடம், உங்க கல்லு மனுசனுக்கும் வேலை செய்யுமா?"

சிகப்பி சிரித்தார். "எந்த உயிருக்கும் சத்தம் இருக்குற எடந்தான் வீடு சார்."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த மாதம் வாரியம் வரைவோடு வந்தது. புதுநெய்தல் நகரின் ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் ஓர் ஓசைக்கல். அதிலிருந்து, பக்கத்து வீட்டில் கேட்பது போல, அம்மி அரைபடும், வானொலி பாடும், பெண்கள் ஏலம் கூவுவார்கள், குழந்தைகள் சண்டை போடும். வாசலில் ஓர் எண்ணிக்கண். திட்டம் ஜெயித்தால் சிகப்பியின் கடலுக்கு இன்னும் நானூறு கற்கள். தோற்றால் கடலில் இருக்கும் இருபதையும் எடுத்துவிடுவார்கள்.

இடத்தின் வரைபடத்தைப் பார்த்ததும் சிகப்பிக்கு அடையாளம் தெரிந்தது. மாணவியாக இருந்தபோது இரண்டு வருடம் ஒரு மீட்டர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நிலம் அது. சட்டத்தைத் தரையில் போட்டு உள்ளே எத்தனை செடி என்று எண்ணுவார். எண்ணியதெல்லாம் உமரி. உமரி உப்புநீர் வந்து போகும் இடத்தில்தான் முளைக்கும். எந்த நிலத்தில் உமரி நிற்கிறதோ அது கடலின் நிலம். கடல் இன்றைக்கு வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். வாரியம் அதன்மேல் காங்கிரீட் போட்டு மூடி, கடலைப் பார்த்த பக்கம் மட்டும் திறந்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, அதில் ஒரே ஒரு வாசல் வைத்திருந்தது.

கித்தேரி சும்மா ஏமாறுகிறவள் அல்ல. சுவர்களில் கற்கள் பதிந்த பிறகு புதுநெய்தல் நகரை மறுபடி பார்த்துவிட்டு நேராகச் சிகப்பியின் ஆய்வகத்துக்கு வந்தாள்.

"இந்தத் தடவ சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. ரெண்டு தெரு தள்ளி ஆளுக வந்துட்டாக போல. எங்க சனமெல்லாம் போவோம்ங்குது. எனக்குத்தான் ஒரு கேள்வி." கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தரையெல்லாம் சிமிட்டி போட்டு மூடிருக்கான். அதுக்கு முந்தி அங்க என்ன மொளச்சுக் கெடந்துச்சு? நீங்க படிக்கையில அந்தப் பக்கந்தான் சுத்துனீகன்னு சொல்லிருக்கீக."

சிகப்பிக்கு நானூறு கற்கள் நினைவுக்கு வந்தன. காப்பகத்தில் இருமிக்கொண்டு கிடக்கும் கித்தேரியின் மகளும் நினைவுக்கு வந்தாள், அவளுக்காவது ஒரு கூரை கிடைக்கும் என்று. இரண்டாவது நினைவைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்காகப் பேசினார். படித்தவர்களுக்கு இது கைவந்த வித்தை.

"கருவேலம்," என்றார்.

"சீமைக் கருவேலமா?"

"ஆமா. வெறும் கருவேலங்காடு."

கருவேலம் கடல் ஏறி நிற்காத மேட்டில்தான் வரும். கித்தேரியின் முகம் தெளிந்தது. "இத உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்னு இருந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே அறுபது குடும்பங்களும் குடியேறின. புரட்டாசி முடிவதற்குள் இன்னும் இருநூறு குடும்பங்கள் வந்தன. நானூறு கற்களும் கடலில் இறங்கின.

அதன் பிறகு சிகப்பி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று மாதம் வகுப்பெடுக்கப் போனார். கார்த்திகையில் புயல் அடித்த செய்தியை அங்கிருந்து பார்த்தார். கித்தேரியின் கைபேசி அணைந்திருந்தது. வாரியத்துக்கு எழுதிக் கேட்டார். குடியேற்ற எண் கூடியிருப்பதாகப் பதில் வந்தது. எண் கூடினால் நல்லதுதானே என்று அவரும் இருந்துவிட்டார்.

தை மாதத்து மத்தியானம் ஒன்றில் புதுநெய்தல் நகரின் வாசலில் இறங்கினார். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே எண்ணிக்கண் பச்சையாகச் சிமிட்டியது. வாசலிலேயே தயாளன் மேசை போட்டு, மூட்டை முடிச்சுகளோடு நின்ற புதுக் குடும்பங்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கும் புதுப் பெயின்ட் வாசனை.

"கித்தேரி எந்த வீடு?"

"மூணாந்தெரு, பதினொன்னு." தயாளன் ஏட்டைப் பார்த்தார். "அந்த வீட்டுக்கு இன்னைக்கு வேற குடும்பம் வருதே மேடம்."

"அவ எங்க போனா?"

தயாளன் குரலைத் தணித்தார். "கார்த்திகைப் புயல்ல தண்ணி உள்ள வந்துருச்சு மேடம். மூணு பக்கமும் சுவரு, இந்த ஒரு வாசல்தான், எல்லாரும் ஓட வழியில்ல. கூரை வரைக்கும் தண்ணி நின்னுச்சு."

"எத்தனை பேர்?"

"அது புயல் கணக்குல போயிருச்சு. நம்ம கணக்கு வேற." வாசல் பலகையைக் காட்டினார். வரவு 1847 என்றது அது.

"வெளிய போனவங்களை எண்ணலையா?"

"வெளிய யாரும் போகலையே மேடம்." அவர் குரலில் கேலி இல்லை, பாராட்டை எதிர்பார்க்கிற குரல். "எல்லாம் உங்க கட்டுரையில உள்ளபடிதான் செஞ்சிருக்கோம். முதல்ல வந்தவங்க சத்தத்தைப் பதிஞ்சு ஒலிக்கவிட்டதுல ரெண்டு மடங்கு ஆயிருச்சு. நீங்க எழுதுனது அப்படியே பலிக்குது."

சிகப்பி மூன்றாம் தெருவுக்கு நடந்தார். பாதித் தெருவில் கித்தேரியின் சிரிப்பு கேட்டது. அதே சிரிப்பு, மூச்சை இழுத்துவிட்டு நீருக்கு மேலே வரும்போது சிரிப்பாளே, அது. சிகப்பி ஓடினார். ஓசைக்கல்லை உண்டாக்கிய பெண், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று திருகாணி வரை அறிந்தவர், தயாளனுக்குத் தப்பான தகவல் வந்திருக்கிறது, கித்தேரி உயிரோடுதான் இருக்கிறாள் என்று முழு மனசோடு நம்பி ஓடினார்.

பதினொன்றாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. வாசற்படியில் காங்கிரீட் வெடித்து, அந்த வெடிப்பில் உமரி விரற்கடை உயரத்துக்குச் சிவந்து நின்றது.

இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் சாவியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நீங்க பக்கத்து வீடாம்மா? இப்பத்தான் எங்களுக்குக் குடுத்தாக."

"உள்ள போகாதம்மா," என்றார் சிகப்பி. "இங்க கடல் வரும். போன கார்த்திகையில வந்துச்சு, இந்த வீட்டுல இருந்தவங்க செத்துட்டாங்க. இது உமரி மொளைக்கிற நிலம். எனக்குத் தெரியும், நான் எண்ணியிருக்கேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஓரடி பின்வாங்கினாள். சிகப்பிக்கு உயிர் வந்தது. இவள் ஒருத்தியாவது பிழைப்பாள்.

அப்போது சுவருக்குள்ளிருந்து கித்தேரி பேசினாள். பக்கத்து வீட்டுக்காரி யாரையோ தேற்றுகிற குரல்.

"பயப்படாம இரு புள்ள. இங்க முந்தி கருவேலந்தான் மொளச்சுக் கெடந்துச்சு. டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன். அவுக பொய் சொல்ல மாட்டாக."

இளம்பெண்ணின் முகம் தெளிந்தது. "பாருங்க, அந்தக்கா சொல்றாகளே."

"அது ஆள் இல்லம்மா. சுவருக்குள்ள கல்லு பேசுது. அந்த டாக்டரம்மா நான்தான். நான் சொன்னது பொய்."

இளம்பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கல் பேசுகிறது என்று சொல்லும் ஒருத்தியிடம் அதற்கு மேல் என்ன பேச்சு? உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் சுவரைத் தட்டி "அக்கா" என்று கூப்பிடுவது கேட்டது. சுவர் சிரித்தது.

சிகப்பி அந்தத் தெருவில் மேலும் பன்னிரண்டு கதவுகளைத் தட்டினார். பன்னிரண்டு வீட்டிலும் அதே குரல் அதையே சொன்னது. அதிகம் பேரை இழுத்த பதிவு எதுவோ அதை எல்லாக் கல்லிலும் போட வேண்டும் என்பதும் கட்டுரையில் இருந்ததுதான்.

திரும்பி வரும்போது தயாளன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மேசையைச் சுற்றி இன்னும் நாற்பது ஐம்பது பேர் சாவிக்கு நின்றார்கள். பலகையில் எண் ஏறியிருந்தது. ஏறியதில் ஒன்று அவர். சிகப்பி எண்ணிக்கண்ணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு வெளியே நடந்தார். அது சிமிட்டவில்லை.