முப்பத்தாறின் செவித்தோல்

காலை ஆறரைக்கெல்லாம் கரிசலூர் விமானத்தளத்தின் கொட்டகைகளில் தட்டல் தொடங்கிவிடும். காசைக் கையால் தொடும் வழக்கம் ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தும் ஒவ்வொரு காப்பாளரின் சட்டைப்பையிலும் பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று கிடக்கும். அதைக் கொண்டு இறக்கையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்றால் தகடு நலம். தொப்பென்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள்.

மந்திரமூர்த்தி பத்தொன்பது ஆண்டுகளாக முப்பத்தாறாம் எண் போர்விமானத்தின் காப்பாளர். விமானத்துக்கு வயது எழுபத்தெட்டு. இனிப் புதிதாகப் போர்விமானம் செய்வதில்லை என்று உலக நாடுகள் கையெழுத்திட்டு நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இருக்கிற கிழங்களை யார் அதிக நாள் பறக்க வைக்கிறார்களோ அவர்கள்தான் இப்போது பலசாலிகள்.

கால் முறிந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தவர், அன்றுதான் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். வந்ததும் கொட்டகைத் திரையைப் பார்த்தார். விமானம் பறக்க எவ்வளவு தயார் என்று காட்டும் ஆயத்த எண் எண்பத்து நான்கு. அவர் விட்டுப்போனபோது எழுபத்தொன்று. அவருக்கு வயிறு எரிந்தது.

"என்னம்மா செஞ்ச?" என்றார், அவர் இடத்தில் தற்காலிகமாக வந்திருந்த எஸ்தரிடம்.

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வால்பக்கம் மூணு எடத்துல பிளவு இருந்துச்சு. கண்டுபிடிச்சு ஒட்டினோம். அதான் ஏறிட்டு."

"நான் இருக்கும்போது இல்லாத பிளவு, நீ வந்ததும் முளைச்சிட்டாக்கும்?"

எஸ்தர் தலையைக் குனிந்து கருவிகளை அடுக்கத் தொடங்கினாள். அந்த அடக்கம்தான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விமானத்தின் மேல் முழுக்கச் செவித்தோல் போர்த்தியிருந்தது. பறக்கும்போது தன் உடம்பின் ஒவ்வொரு முனகலையும் அது கேட்கும். ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று அதற்குச் சுயமாகத் தெரியாது. காப்பாளர் தட்டிக் கேட்டு, விரல் பதித்து, 'நலம்' என்று சொல்லும் ஓசையே அதற்கு அளவு. காப்பாளரின் காதுதான் விமானத்தின் காது. இந்த ஆறு வாரத்தில் அது எஸ்தரின் காதையும் வாங்கிக்கொண்டிருந்தது. திரையில் இரண்டு பெயர்களுக்கும் நேரே நம்பிக்கை எண் இருந்தது: எஸ்தர் தொண்ணூற்றாறு, மந்திரமூர்த்தி ஐம்பத்தெட்டு. பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ச் சோறு கேட்டதுபோல் இருந்தது அவருக்கு.

"பத்து மணிக்குப் பரக்கத் சார் பறக்கணும்" என்றாள் எஸ்தர். "இடது இறக்கை அடியில இந்த எடத்த மட்டும் கேளுங்க அண்ணாச்சி. தொப்புன்னு இல்ல?"

அவர் தட்டினார். பக்கத்தில் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"யாருக்கும்மா காது குத்துத? எல்லா எடத்துலயும் கேக்குற சத்தம்தான் இது."

"இல்ல அண்ணாச்சி..."

"உனக்கு ஆறு வாரம். எனக்குப் பத்தொன்பது வருசம்."

திரையில் விரலைப் பதித்தார். நலம். மூத்த காப்பாளரின் விரலுக்கு மேல் பேச்சில்லை.

உணவகத்தில் தேநீர் அன்று ருசியாகவே இருந்தது. அவள் மூக்கை உடைத்த மகிழ்ச்சி. பாதி குடித்தபோதுதான் தான் சொன்னதே அவரை இடித்தது. எல்லா இடத்திலும் ஒரே சத்தம் என்றால், கணீரென்று கேட்டது எந்த இடத்தில்? கடைசியாக அந்த ஓசையைக் கேட்டது எப்போது? நினைவுக்கு வரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஓங்கித் தட்டினார். தொப்பென்றது. அடுத்த மேசைக்காரன் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவா அண்ணாச்சி, காது கிழியுது" என்றான்.

மந்திரமூர்த்தி தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை வேகமாக நடந்தார்.

விமானி பரக்கத் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். நிறுத்துவது எளிது. ஆனால் கொடுத்த 'நலம்' ஒன்றைத் திரும்பப் பெற்றால், அந்தக் காப்பாளர் கற்றுக்கொடுத்த அத்தனை ஓசைகளும் அழிக்கப்படும். விதி அப்படி. ஒன்றில் தவறிய காதை மற்றதில் எப்படி நம்புவது? பத்தொன்பது ஆண்டுகளும் போய்விடும். விமானம் முழுக்க எஸ்தருடையதாகிவிடும்.

அவளுக்கா கொடுப்பது? ஒரு முறை பறந்தால் என்ன ஆகிவிடப் போகிறது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"சார், எறங்குங்க!" என்று கத்திவிட்டுத் திரைக்குப் போய் விரலை வைத்து, கொடுத்த 'நலம்' என்பதைத் திரும்பப் பெற்றார்.

அவர் பெயர் மறைந்தது. செவித்தோல் இப்போது எஸ்தரின் காதால் மட்டும் தன்னைக் கேட்டுப் பார்த்தது. இடது இறக்கையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. பிறகு இன்னொன்று. முதுகில், வயிற்றில், விமானி இருக்கைக்கு நேர் கீழே. மொத்தம் பதினேழு. அவர் தட்டிக் கேட்டு நலம் என்ற இடங்கள். எத்தனை மாதமாக, எத்தனை முறை பரக்கத்தை இதில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்! காது மந்தமானது அவருக்குத்தான். விமானம் அவரை நம்பி அதையும் கற்றுக்கொண்டுவிட்டது.

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வெற்றி இருக்கிறதா என்று அவர் தேடினார். இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

விவரம் புரியாத பரக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபடி வழக்கம்போல் அவரிடமே வந்தான். "என்ன அண்ணாச்சி, எப்பப் பறக்கும்?"

மந்திரமூர்த்தி திரையை விட்டு விலகி நின்றார்.

"எஸ்தர்கிட்ட கேளுங்க சார்" என்றார். "அவ விமானம்."