குறிமேல் குறி

தான் எழுதாத ஒரு கோடு கண்ணாடித் தகட்டில் இருந்தது. அஜந்தா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கோடு போகவில்லை.

களுவாஞ்சிக்குடிக்கு அப்பால் வாவிக்கரை ஆய்வுகூடம். வெளியே மழைக்காலப் பகல். தகட்டில் விடும் பிசின் வெள்ளை வெளிச்சத்தில் இறுகிவிடும் என்பதால் ஜன்னலில்லாத அறைக்குள் மஞ்சள் விளக்கு மட்டும். லேசர் குவியும் இடத்தில் மட்டும் பிசின் இறுகும், மற்றதெல்லாம் கழுவும்போது ஓடிவிடும். அப்படி அடுக்கடுக்காக, கண்ணுக்குத் தெரியாத கூடொன்றை வருடக்கணக்காகக் கட்டிவந்தாள். தீப்பட்ட கண்ணில் புதுச் சவ்வு படர அது பந்தல். நாளைக்குப் பரிசோதகர்கள் வருகிறார்கள். கூடு தேறாவிட்டால் இந்த அறையையே பூட்டிவிடுவார்கள்.

ஒவ்வொரு கூட்டின் மூலையிலும் தன் தாய்வழிக் குடி மாடுகளுக்குச் சுடும் குறியை, ஒரு வளைகோடும் புள்ளியும், லேசரால் சுடுவாள். தன் உழைப்பு அடுத்தவன் பட்டியில் சேர்ந்துவிடக்கூடாதே என்று சிரிப்பாள்.

இன்று அந்தக் குறியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொன்று கிடந்தது. மூன்று கால், ஒரு கொக்கி. அவளுக்குத் தெரிந்த எந்தக் குடியின் குறியும் அல்ல. அப்பாவின் பட்டியில், விலைக்கு வாங்கிய மாட்டின் பழைய குறியை இப்படி வெட்டித்தான் புதுக்குறி சுடுவார்கள். பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது.

உதவியாளன் நிஷாந்துக்குப் போன் செய்து சொன்னாள்.

“அக்கா, மெஷின நிப்பாட்டிட்டு வெளிக்கிடுங்க. நாளைக்குப் பாப்பம்.”

“நான் எழும்பமாட்டன். இது என்ட.”

புதிதாகப் பிசின் விட்டாள். கூட்டை மறுபடி எழுதி, தன் குறியை இன்னும் ஆழமாகச் சுட்டாள். இயந்திரத்தின் விசிறி இரைந்தது. கழுவும் திரவத்தின் நெடிக்கு அடியில் வேறொரு மணம் மெல்ல ஏறியது, மாட்டுக்குக் குறிசுடும்போது மயிர் கருகுமே, அந்த மணம். கழுவினாள். பார்த்தாள்.

கொக்கி.

இன்னொரு முறை. கொக்கி.

லேசரை அணைத்தாள். விசிறி நின்றது. கருகல் மணம் நிற்கவில்லை. இடது மணிக்கட்டு எரிந்தது.

கையை, லேசர் இறங்கும் நுண்ணோக்கி வில்லைக்கு அடியில் வைத்தாள். தோலுக்குள்ளே, பிசின்போல் தெளிவாக, இறுகி, கோடுகள் அடுக்கடுக்காக மேலெழுந்துகொண்டிருந்தன. முதல் கால். இரண்டாவது. மூன்றாவது.

“என்னில சுடுவியா? பாப்பம்.”

வலக்கையால் லேசரைப் போட்டாள். அந்தக் கால்களைக் குறுக்கே வெட்டித் தன் வளைகோட்டைத் தோலில் இழுத்தாள். பல்லைக் கடித்தாள். கையை எடுக்கவில்லை.

பின்னால் யாருமில்லை. கதவு பூட்டியிருந்தது. பிடரியில் ஒரு கை விழுந்தது. மாட்டைச் சாய்த்துப் பிடிக்கிறவனின் கை, அவசரமில்லாமல், பழகிய அழுத்தமாய்.

அவள் குனியவில்லை.

வில்லைக்கு அடியில் கொக்கி வளையத் தொடங்கியது.