நேற்றைய விலா எலும்பு

தீயணைப்பு வண்டி சந்தனவனம் அடுக்ககத்துக்குள் நுழையவில்லை. மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கடப்பாரை, கொக்கி, வெட்டும் கருவி என்று வண்டியில் இருந்த உருப்படியான எல்லாமே இரும்பு. எதை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாலும் இன்னொரு விபத்துதான். நிலைய அலுவலர் இலக்கியா தலைக்கவசத்தைக் கழற்றினாள். இடுப்பு பெல்ட்டை அவிழ்த்தாள். முனையில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸை உதறினாள். தோளில் இருந்த நட்சத்திரங்களைக்கூடப் பிடுங்கி இருக்கையில் போட்டாள்.

"நைலான் பட்டையை மட்டும் எடுத்துக்கோங்க ஜெரால்டு. கொக்கி இல்லாதது."

"எல்லாத்துலயும் கொக்கி இருக்கே மேடம்."

"அறுத்து எடுங்க."

ஜெரால்டு வண்டிக்குப் பின்னால் போய்க் கத்தியைத் தேடினார். இலக்கியா வெறுங்காலோடு கோட்டைத் தாண்டி ஓடினாள்.

அடுக்ககத்தின் முகப்புக் கூடத்தில் இருந்தது உடல்வாசல். ஆள் உயரத்துக்கு வெள்ளை வளையம், உள்ளே மெல்ல நகரும் தளம். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாரும் காலையில் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரு காபி குடிக்கிற நேரம் அசையாமல் நின்றால் போதும், வளையத்துக்குள் இருக்கும் ராட்சதக் காந்தம் உடம்பின் உள்ளே இருப்பதையெல்லாம் படமாக எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். இதயம் நன்று, ஈரல் நன்று, நுரையீரல் நன்று. கோயம்புத்தூரில் இப்போது உடல்வாசல் இல்லாத குடியிருப்பில் வீடு வாங்க ஆளில்லை. கட்டி வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறது என்கிறார்கள், அது உண்மையும்கூட.

அந்தக் காந்தம் தூங்குவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் அணையாது. அதனால்தான் மஞ்சள் கோடு, தரையெல்லாம் எச்சரிக்கை, மரச்சாவி, பீங்கான் கத்தி, இரும்பில்லாத கைப்பேசி. அன்று காலை வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். ஆம்புலன்சில் வந்த பையன் புதியவன். அலுமினிய சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டான். காவலாளி கத்துவதற்குள் சிலிண்டர் அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. வளையத்துக்குள் அப்போது நின்றிருந்தவர் ஹரிணி. ஐம்பதை ஒட்டிய வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியை.

இலக்கியா போனபோது ஹரிணி வளையத்தின் உட்சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அவருடைய இடப்பக்க மார்புக்குக் குறுக்கே சிலிண்டர், அதைக் காந்தம் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. பிடித்து இழுப்பதற்கு நாலு பேர் முயன்று, கை வழுக்கிப் பின்வாங்கியிருந்தார்கள்.

"அக்கா, நான் தீயணைப்புத் துறை. பேச முடியுதா?"

"மூச்சு... இழுத்தா குத்துதுங்க."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்." ஹரிணியின் கண்கள் சிலிண்டரைக் காட்டின.

இலக்கியா திரும்பினாள். "இதை உடனே அணைக்கணும். அவசரப் பொத்தான் எங்க?"

கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதற்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் கைப்பேசியுமாக ஒருவர் நின்றிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் யுகேந்திரன். கூண்டு அவருடைய விரல் ரேகைக்குத்தான் திறக்கும்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். அதை அமுக்கினா உள்ள இருக்கற ஹீலியம் மொத்தமும் ஆவியாப் போயிரும்ங்க. மறுபடி காந்தம் எந்திரிக்கறதுக்கு வாரக்கணக்காகும்."

"ஆகட்டும்."

"அதுவரைக்கும் யாருக்கும் படம் இருக்காதுங்க. தொடர்ச்சி அறுந்துரும். தொடர்ச்சி அறுந்தா, இதை வச்சிருக்கற நிறைநலம் இன்சூரன்ஸ் கம்பெனி யாருக்கும் வைத்தியம் பார்க்காது, புதுசா ஒரு வருசம் படம் சேரணும். எங்க கட்டடத்துல கீமோ எடுக்கறவங்க இருக்காங்க, மாசமா இருக்கறவங்க இருக்காங்க. என் ஒருத்தன் விரல்ல எப்படிங்க முடிவு பண்றது? எல்லார் கைப்பேசிக்கும் கேள்வி அனுப்பிருக்கேன். பதில் வந்துட்டு இருக்கு."

இலக்கியாவுக்குக் காது சூடேறியது. "ஓட்டெடுப்பா? ஒரு மனுசி நசுங்கிட்டு இருக்காங்க, ஓட்டெடுப்பு நடத்தறீங்களா?"

"நசுங்கலைங்க மேடம்." அவர் குரல் நடுங்கியது, ஆனால் சொல் நடுங்கவில்லை. "அது என் சம்சாரம். எனக்கு அக்கறை இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. பாருங்க, இப்பவும் படம் வந்துட்டே இருக்கு. நுரையீரல் நன்று. விலா எலும்பு நன்று. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு. கம்பெனி ஆள் கிளம்பிட்டாரு. ஹீலியம் வீணாகாம, மெதுவா காந்தத்தை இறக்கிருவாராம். மத்தியானத்துக்குள்ள ஆயிரும்."

"என்னங்க," என்றார் ஹரிணி உள்ளேயிருந்து. "முடியலைங்க."

"கொஞ்சம் பொறுத்துக்க ஹரிணி. ஒண்ணுமில்ல, படத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பயத்துல அப்படித் தோணுது."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண் தண்ணீரைப் பீங்கான் குவளையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர் ஹரிணியின் படத்தைத் தன் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து, "இதயத்துடிப்புகூட சீராத்தான் இருக்குங்க," என்று இலக்கியாவுக்கு ஆறுதல் சொன்னார். அத்தனை பேர் முகத்திலும் இருந்த அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை. தீப்பிடித்த வீட்டின் முன்னால் ஜனங்கள் அலறுவார்கள், ஓடுவார்கள், குறுக்கே விழுவார்கள். அவர்களைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று எழுத்தில் வாங்கி வைத்திருப்பவர்களை என்ன செய்வது?

கூண்டை உடைக்கலாம் என்றால் உடைக்கிற சாமான் எல்லாம் கோட்டுக்கு வெளியே கிடந்தது. முழங்கையால் ஒரு இடி இடித்தாள். கை வலித்ததுதான் மிச்சம்.

ஜெரால்டும் இன்னும் மூன்று பேரும் வெறுங்காலோடு பட்டைகளைக் கொண்டுவந்து சிலிண்டரைச் சுற்றிப் போட்டுக் கட்டினார்கள். காந்தம் விட்டவுடன் சிலிண்டர் ஹரிணியின் கால்மேல் விழாமல் தாங்க வேண்டும். ஆனால் காந்தம் விட வேண்டுமே. ஹரிணியின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

"குடுங்க அதை." இலக்கியா யுகேந்திரன் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். அவளுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு பெண்ணின் உடம்பு, வரிசையாக விலா எலும்புகள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அழகாக. ஏதாவது ஒரு விரிசல், ஒரு கீறல் கண்ணில் பட்டுவிடாதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனவள் நின்றாள்.

"சார், இந்தப் படத்துல சிலிண்டர் எங்க?"

"என்னங்க?"

"இப்ப எடுத்த படம்தானே? உங்க சம்சாரத்து மேல இத்தனை பெரிய இரும்பு கிடக்குது. படத்துல எங்க இருக்கு அது? காட்டுங்க."

யுகேந்திரன் வாங்கிப் பார்த்தார். விரலால் நகர்த்தினார், பெரிதாக்கினார். நெற்றி வேர்த்தது. நிறைநலத்தின் உதவி எண்ணைத் தட்டினார். இனிமையான ஒரு பெண்குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"வணக்கம் சார். உலோகம் இருக்கற இடத்துல காந்தப்படம் விழாது சார், அங்க வெறும் கருப்பாத்தான் வரும். வாடிக்கையாளர் பயப்படக் கூடாதுன்னு, அந்த இடத்தை மட்டும் கடைசியா நல்லா விழுந்த படத்துலருந்து நம்ம கருவி நிரப்பிக் குடுக்கும். தொடர்ச்சி நிரப்புன்னு பேரு சார். ஒப்பந்தத்துலயே இருக்கு."

"அப்போ இந்த விலா எலும்பு?"

"நேத்து காலையில எடுத்ததா இருக்கும் சார். வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?"

அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த யுகேந்திரன் அப்போதுதான் முதன்முறையாக நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தார். ஓடிப்போய்க் கூண்டில் விரலை வைத்தார். வேர்வையில் ரேகை பதியவில்லை. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். கண்ணாடி விலகியது. பொத்தானை அடித்தார்.

"பட்டையை இறுக்கிப் பிடிங்க!" என்று இலக்கியா கத்தினாள்.

தலைக்குமேல் குழாயில் பெரும் இரைச்சல். கூரைக்கு மேலே வெள்ளைப் புகை பீறிட்டது. நால்வரும் பட்டையைத் தோளில் வாங்கிப் பின்னுக்குச் சாய்ந்தார்கள். முதலில் அசைவே இல்லை. பிறகு சிலிண்டர் ஒரு புறம் சரிந்தது. சட்டென்று முழு எடையும் பட்டையில் இறங்க, ஜெரால்டு முட்டி போட்டு விழுந்தார். விடவில்லை. இலக்கியா ஹரிணியின் அக்குளுக்கடியில் கை கொடுத்து வெளியே இழுத்தாள். கைக்கு அடியில் இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று உரசுவதை அவளால் உணர முடிந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகும் கூடத்தில் யாரும் கலையவில்லை. எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. ஓட்டெடுப்பு முடிந்திருந்தது. முடிவு என்ன என்று இலக்கியா கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் யுகேந்திரன் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தார். ஹரிணியும் வந்திருந்தார். வாசல் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். யுகேந்திரன் இளைத்திருந்தார்.

"ஒரு சாட்சி வேணும் மேடம். இவளுக்கு விலா உடைஞ்சுதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"ஆபரேசன் பண்ணினாங்களே?"

"அவசரத்துக்குப் பண்ணிட்டாங்க. ஒரு எலும்பு கோணலாச் சேர்ந்திருச்சு. தும்மினா உசிரு போகுது. மறுபடி பண்ணணும்னா நிறைநலம் அனுமதி குடுக்கணும். தொடர்ச்சி அறுந்தது கம்பெனியாலதான்னு சண்டை போட்டு எல்லாருக்கும் விலக்கு வாங்கினேன். புது உடல்வாசலும் வந்திருச்சு. ஆனா எலும்புல தகடும் திருகும் வச்சிருக்காங்களே, அந்த இடத்துல படம் விழாது. அது மறுபடி பழைய படத்தைப் போட்டு நிரப்பிருது. விலா நல்லாத்தான் இருக்கு, எதுக்கு ஆபரேசன்னு கேக்கறாங்க. வலிக்குதுங்கன்னு சொன்னா, மனசு டாக்டரைப் பாக்கச் சொல்றாங்க."

சொல்லும்போது அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பயத்தில் தோணுது என்று அன்று அவரே சொன்னதை இலக்கியாவும் கிளறவில்லை.

"அந்த நிரப்பை எடுத்துவிடச் சொல்லலாமே?"

"கட்டடத்துக்கே சேர்த்துத்தான் எடுக்க முடியுமாம். கூட்டம் போட்டேன். ஒரு நாளைக்கு எடுத்துக் காட்டினாங்க. பார்த்தா ஒவ்வொருத்தர் படத்துலயும் கருப்புத் திட்டு. பல்லு கட்டினவங்க, முட்டிக்குத் தகடு வச்சவங்க, காப்பர் டி வச்சவங்க. வருசக்கணக்கா அந்த இடமெல்லாம் பழைய படம்தான். எல்லாரும் அரண்டுட்டாங்க. ஓட்டுக்கு விட்டேன். நிரப்பு இருக்கட்டும்னு முடிவாயிருச்சு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம், மேடம்." அவர் கையை விரித்தார். "யாராவது ஒருத்தர் மனசு வச்சிருந்தா போதும்."

இலக்கியா எழுதினாள். என் கையால் உணர்ந்தேன் என்று எழுதினாள். கையொப்பம் போடும்போதே தெரிந்தது, இதை வாங்குகிறவர் முதலில் படத்தைத்தான் திறந்து பார்ப்பார். பேனாவை மேசைமேல் எறிந்தாள்.

மழை வலுத்தது. யுகேந்திரன் காரை வாசல்வரை கொண்டுவருகிறேன் என்று குடையோடு ஓடினார். இலக்கியா பெஞ்சில் ஹரிணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"விடாதீங்க அக்கா. மறுபடி கூட்டம் போடச் சொல்லுங்க. ஒரு ஓட்டுதானே? நான் வந்து பேசறேன். ஒருத்தர் மனசை மாத்த முடியாதா?"

ஹரிணி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசத்துக்கு முந்தி வலது மார்புல ஒரு கட்டி இருந்துச்சுங்க," என்றார். "ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அடையாளத்துக்கு உள்ளாற ஒரு சின்ன கிளிப் வச்சு விட்டாங்க. நானும் மறந்துட்டேன். அன்னைக்கு நிரப்பை எடுத்துக் காட்டினாங்களே, அப்பப் பார்த்தேன். அந்த எடம் கருப்பா, ஒரு காசு அகலத்துக்கு. அதுக்குள்ள மறுபடி கட்டி இருக்கா இல்லையான்னு தெரியாதுங்க."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"நிரப்பைப் போட்டுட்டா அந்த எடம் வெள்ளையா, சுத்தமா இருக்குதுங்க. தெனமும் காலையில நன்றுன்னு வருது." அவர் கை விலாவிலிருந்து மெல்ல மேலே போய், பாதியில் நின்றுவிட்டது. "விலா வலி பழகிப் போச்சு. அந்தக் கருப்பைத் தெனம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான்தான் போட்டேன், அந்த ஒரு ஓட்டை."

கார் வந்து நின்றது. யுகேந்திரன் குடையைப் பிரித்துக்கொண்டு இறங்கினார்.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க," என்றார் ஹரிணி. பெஞ்சைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.