ஜூடித் கேட்ட கேள்வி

வின்சென்ட்டின் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சத்தம் உண்டு. மின்விசிறியை நிறுத்தி, டிவியையும் அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். டிக், டிக், டிக்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருடைய இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. டாக்டர்கள் அதை எடுத்துவிட்டு, புதிதாக ஒரு செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். அது திறந்து மூடும் சத்தம்தான் அது.

"மிக்ஸிக்கு நான் பார்ட் மாத்துறேன். எனக்கு டாக்டர் பார்ட் மாத்தினார். அவ்வளவுதான்" என்பார் வின்சென்ட். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் வேறு எப்படிச் சொல்வார்?

ஆனால் இந்தப் பேச்செல்லாம் வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே யாரிடமும் ஆபரேஷனைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் ஒருநாள், "ஐயோ, நீங்க தூக்காதீங்க!" என்று அவர் கையிலிருந்த மிக்ஸியைப் பிடுங்கிக்கொண்டார். அன்று முழுவதும் வின்சென்ட் யாரோடும் பேசவில்லை.

புது வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, அவர் தினமும் மாலையில் வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முடிவாக ஒரு எண் வரும். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிவிடும். கூடினால் ரத்தம் கசியத் தொடங்கிவிடும்.

அந்த எண்ணை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி வைப்பது மகள் ஜூடித்தின் வேலை. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டிலேயே அவள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். எழுதி எழுதி, அட்டையில் அச்சடித்திருந்த வரிகளும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

அந்த ஜூலை மாதம் அம்மா ஜெனிஃபர், தங்கைக்குக் குழந்தை பிறந்ததால் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார். அப்பாவும் மகளும் மட்டும் வீட்டில். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, தெருமுனை வண்டியில் மசால் பூரி சாப்பிட்டார் வின்சென்ட். ஜூடித்துக்கு ஜலதோஷம் என்பதால் அவள் சாப்பிடவில்லை.

சில நாட்களில் வின்சென்ட்டுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு நான்கு முறை பாத்ரூமுக்கு ஓடினார்.

"டாடி, நீங்க உள்ளேயே ஒரு நாற்காலி போட்டுக்கலாம்" என்றாள் ஜூடித்.

"சிரிக்க வைக்காத ஜூடி. சிரிச்சா இன்னும் வலிக்குது."

வழக்கமாகப் போகும் டாக்டர் ஊரில் இல்லை. அதனால் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் மாலை முடிவு வந்தது.

"வயிற்றில அமீபா இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி" என்றார் டாக்டர். "மெட்ரோனிடசோல் எழுதறேன். வயிற்றுல இருக்கிற அமீபாவுக்கும் சில பாக்டீரியாவுக்கும் இது நல்லா வேலை செய்யும். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் பத்துப் பேர். அவர்களில் இரண்டு பேர் கடைக்கு மிக்ஸி கொண்டு வருகிறவர்கள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் வின்சென்ட்.

ஜூடித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாடி, அந்த மாலை மாத்திரை..."

"சும்மா இரு கண்ணு" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் ஜூடித் நின்றாள். "ஏன் டாடி சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. 'பாவம்'னு உச்சு கொட்டுவாங்க. இது வயிற்று மாத்திரை. அது ஹார்ட் மாத்திரை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆனால் 'எந்தப் புது மருந்து எழுதினாலும் இதைக் காட்டவும்' என்று மஞ்சள் அட்டையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காரணமில்லாமலா போட்டிருப்பார்கள்?

அப்பாவைப் பலர் முன்னால் தலைகுனிய வைக்கவும் அவளுக்கு மனமில்லை. யோசித்துக்கொண்டே நடந்தாள். மெடிக்கல் ஷாப் வந்துவிட்டது.

கடையில் வெங்கடசாமி இருந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "பன்னி பன்னி, வாங்க வின்சென்ட்! என்ன, முகம் வாடிப் போயிருக்கு?" என்று சீட்டை வாங்கினார். மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். "தினம் மூணு. ஏழு நாள். சாப்பாட்டுக்கு அப்புறம்தான்."

அவர் பையில் போடப் போனார். ஜூடித் குதிகாலைத் தூக்கி மேஜைமேல் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், எனக்கு ஒரு டவுட். வார்ஃபரின் சாப்பிடுறவங்க இந்த மாத்திரை சாப்பிடலாமா?"

வெங்கடசாமியின் கை அப்படியே நின்றது. "யார் சாப்பிடுறாங்க வார்ஃபரின்?"

ஜூடித் அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. மேஜையின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வின்சென்ட் தொண்டையைச் செருமினார். "நான்தான் சாப்பிடுறேன். ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு."

"டாக்டருக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

வெங்கடசாமி மாத்திரை அட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது ரெண்டும் சேர்ந்தா வார்ஃபரினோட வேகம் கூடிடும் சார். உடம்புக்குள்ளேயே ரத்தக் கசிவு வரலாம். டாக்டருக்குச் சொல்லிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி நான் தர மாட்டேன்."

கிளினிக்குக்குத் திரும்பும்போது வின்சென்ட் இரண்டடி முன்னால் நடந்தார். கோபமோ என்று ஜூடித் பயந்தாள். தெரு திரும்பும் இடத்தில் அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை.

"வீட்டுக்குப் போய் அந்த மஞ்சள் அட்டையை எடுத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார்.

ஜூடித் தன் தோள்பையைத் திறந்தாள். "எடுத்துட்டுதான் டாடி வந்திருக்கேன்."

டாக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

பெஞ்சில் இப்போது கூட்டம் இன்னும் அதிகம். வின்சென்ட் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு தெளிவாகவே சொன்னார். "வியாதிக்காரன்னு பார்ப்பாங்களேன்னு கூச்சம் டாக்டர். தப்புதான். என் பொண்ணுதான் கடையில கேட்டா."

டாக்டர் உடனே இதய மருத்துவமனைக்குப் போன் செய்தார். அங்கிருந்த டாக்டரோடு நெடுநேரம் பேசினார். பிறகு ஒரு தாளில் எழுதியபடியே சொன்னார்.

"இந்தக் கிருமிக்கு இந்த மாத்திரை வேணும். அதனால உங்க ஹார்ட் டாக்டர் வார்ஃபரின் அளவைக் குறைச்சிருக்கார். நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது. மூணாம் நாள் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். கோர்ஸ் முடிஞ்சதும் மறுபடி பண்ணணும். ஈறுல ரத்தம், காரணமில்லாம உடம்புல நீலமாக் கன்னிப்போறது, மலம் கறுப்பாப் போறது, இப்படி எது வந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு வரணும். மதுபானம் தொடவே கூடாது. இருமல் டானிக்கூட என்கிட்ட கேட்காம குடிக்கக் கூடாது."

"சரி டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஜூடித்தைப் பார்த்தார். "உன் பேர் என்னம்மா?"

"ஜூடித்."

"இன்னொரு தடவை யாராவது சும்மா இருன்னு சொன்னாலும், இதை மட்டும் சொல்லிடு ஜூடித்."

அன்று முதல் மாத்திரை வேளைகளை ஜூடித் கவனித்துக்கொண்டாள். மதிய மாத்திரைக்குப் பள்ளியிலிருந்து அவளால் வர முடியாது. அதனால் அப்பாவின் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். கோழி கூவும் அலாரம். கடைக்கு வந்தவர்கள் கோழியைத் தேடினார்கள்.

"வாயில ஸ்பேனரைக் கவ்விட்டு இருக்கிற மாதிரி இருக்கு ஜூடி. ரசம்கூட இரும்பு மாதிரி ருசிக்குது" என்று புலம்பினார் வின்சென்ட்.

"மாத்திரையோட வேலை அது. முடிஞ்சதும் போயிடும்னு டாக்டர் சொன்னாங்களே."

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. எண் மூன்று புள்ளி எட்டு. இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். வின்சென்ட் அப்போதே மருத்துவமனைக்குப் போன் செய்தார். வார்ஃபரினை இன்னும் சற்றுக் குறைத்து, இரண்டு நாளில் மறுபடி பார்க்கச் சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். "அளவைக் குறைச்சுமே இவ்வளவு ஏறியிருக்கு. நான் யாருக்கும் சொல்லாம சாப்பிட்டிருந்தா?"

ஜூடித் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து எண் மூன்று புள்ளி இரண்டு.

அதற்குள் வயிற்றுவலியும் ஓட்டமும் நின்றுவிட்டன. "சரியாப் போச்சே, மிச்ச மாத்திரையை என்ன பண்றது?" என்று வின்சென்ட் இழுத்தார்.

"ஒரு மிக்ஸிக்கு நாலு ஸ்க்ரூன்னா, ரெண்டு மாட்டினதும் ஓடுதேன்னு கொடுத்துடுவீங்களா டாடி?"

வின்சென்ட் மறுபேச்சில்லாமல் தண்ணீர் டம்ளரை எடுத்தார். மாத்திரை அட்டைகள் முழுவதும் காலியாகும்வரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஏழு நாளும் முடிந்த பின், இதய மருத்துவமனைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அம்மாவும் ஊரிலிருந்து வந்துவிட்டார். எண் இரண்டு புள்ளி ஒன்பது. "நல்லா இருக்கு. வார்ஃபரினைப் பழைய அளவிலேயே சாப்பிடலாம்" என்றார் டாக்டர்.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெரியவர், "உங்களுக்கு என்ன சார்?" என்று வின்சென்ட்டிடம் கேட்டார்.

"எனக்கு வால்வு மாத்தியிருக்காங்க. இவ என் பொண்ணு ஜூடித். போன வாரம் என்ன பண்ணா தெரியுமா?"

வின்சென்ட் ஆரம்பித்தார். குரல் உயர்ந்தது. நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். அவர் சொன்ன கதையில் மெடிக்கல் ஷாப்காரர் மயங்கி விழப் பார்த்தார். கிளினிக் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஜூடித்துக்கு சல்யூட் அடித்தார்.

"நிஜமாவா?" என்று அம்மா ஜூடித்தின் காதில் கேட்டார்.

சல்யூட் எல்லாம் யாரும் அடிக்கவில்லை என்று ஜூடித்துக்குத் தெரியும். இருந்தாலும் அப்பாவைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டாள்.