ஒரு பொட்டுப் பசை

நாலு மாடி ஏறி வந்ததில் பம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மணி இரண்டரை. நாலு மணிக்கு ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்து. அதற்குள் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

பம்பரம் என்று அவளுக்குச் சும்மாவா பேர் வைத்தார்கள்? காலில் சக்கரம் கட்டியவள். காலையில் நடைக்குழு, மாலையில் சினிமா, ஞாயிறு என்றால் யார் வீட்டிலாவது சாப்பாடு. இத்தனைக்கும் நடுவில் கதை வேறு எழுதினாள், படித்தாள். எந்த மாடியிலும் நிற்காத லிஃப்ட், மேம்பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் ஆவி என்று, நாம் நடமாடும் நகரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மாய நகரத்தின் கதைகள். அதாவது, எழுதுவதாகவும் படிப்பதாகவும் சொல்லிக்கொண்டாள்.

நிஜமாகவே எழுதியவள் இந்த வீட்டில் இருந்தவள். பூட்டு. வீட்டையும் திறக்க மாட்டாள், வாயையும் திறக்க மாட்டாள் என்பதால் பம்பரமே வைத்த பேர். பூட்டு போன மாதம் செத்துப்போனாள்.

கதவைத் திறந்தது பூட்டின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வாம்மா. அவ நாவல் புத்தகமா வருது. முன்னுரை நீதான் எழுதணும்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. முதல்ல படிச்சவ நீதானாமே?"

"ஆமாக்கா," என்றாள் பம்பரம். நாக்கு கூசவில்லை.

அந்த நாவலில் அவள் ஒரு வரிகூடப் படித்ததில்லை. பூட்டின் கையெழுத்து நோட்டு ஆறு மாதம் அவள் பையில் கிடந்து வீடு வீடாகச் சுற்றியது. கேட்கும்போதெல்லாம், "நேரம் எங்கடி இருக்கு?" கடைசியில் திருப்பிக் கொடுத்த அன்று, ஒன்றும் சொல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோமே என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள்: "படிச்சுட்டேன்டி. நல்லாயிருக்கு. முடிவு மட்டும் சரியில்ல, மாத்திடு."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். பம்பரத்துக்கு விருந்து விருந்தாகக் கிடைத்தது.

"அந்த முடிவைப் பதினோரு தடவை மாத்தி எழுதினாம்மா," என்றாள் அக்கா. "உடம்பு நெருப்பாக் கொதிக்குது, பேனாவைக் கீழ வைக்க மாட்டேங்கிறா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, முடிச்சுட்டு வரேன்னா. சளி நெஞ்சுல இறங்கி..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நோட்டு மேஜை மேல இருக்கு. இன்னொரு தடவை பாரு. நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அறையில் காய்ச்சல் மருந்தின் வாடை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிய வெள்ளைப் பசையின் வாடை.

முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும், முன்னுரைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நோட்டைப் புரட்டினாள். நடுவில் தடுக்கியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் அடுத்ததும் ஒட்டிக்கொண்டிருந்தன. முந்தின பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்து:

'இங்கே ஒரு பொட்டுப் பசை வைத்திருக்கிறேன். படித்தால் பிரிந்திருக்கும்.'

அதற்குக் கீழே, நடுங்கிய கையெழுத்தில்:

'பதினோராவது முடிவை எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்து பார்த்தேன். பிரியவில்லை.'

பம்பரத்தின் முகம் எரிந்தது. வெட்கம்தான். ஆனால் அது ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. அக்கா இதைப் பார்த்தால் என்ன ஆவது என்ற பயம் முந்திக்கொண்டது. பிரித்துவிட்டால் படித்ததாகத்தானே அர்த்தம்? பென்சில் எழுத்தை எச்சில் தொட்டு அழித்தாள். நகத்தை விட்டு ஒட்டிய இடத்தை நெம்பினாள்.

பசை ஈரமாக இருந்தது.

உள்ளே, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, காயாத மையில் நாலே வரி.

'நேரம் இல்லை என்றாய்.
பரவாயில்லை.
நீ இங்கே இருந்து படி.
நீ போகவேண்டிய இடத்துக்கெல்லாம் நான் போய் வருகிறேன்.'

பின்னால் யாரோ இருமினார்கள்.

நெஞ்சுச் சளி கரகரக்கும் இருமல். காதோரம் சுடச்சுட ஒரு மூச்சு.

"முடிவு இப்ப சரியா இருக்கா?"

அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

கதவு இல்லை.

இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். அதில் குறுக்கே மெல்லிய நீலக் கோடுகள், வரிசை வரிசையாக. ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரே ஒரு சிவப்புக் கோடு.

கைப்பேசி அதிர்ந்தது. பிறந்தநாள் விருந்தின் படம். தோழிகள் எல்லாரும் கேக்கைச் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் அவளே நிற்கிறாள், இப்போது உடம்பில் இருக்கும் அதே பச்சைச் சேலையில், வாயை இறுக்கி மூடிச் சிரித்துக்கொண்டு. கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: 'என்னடி இன்னைக்கு இவ்வளவு அமைதி? ஆனா செம அழகா இருக்க!'

அது நான் இல்லை என்று எழுத நினைத்தாள். விரல்கள் பசையில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.

எவ்வளவு நேரம் போனதோ, சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது.

"அட, கீழயிருந்து வர்றியே, நீ எப்பக் கீழ போன?"

"அப்பவே விருந்துக்குப் போயிட்டேன்க்கா." பம்பரத்தின் சொந்தக் குரல். "முழுசாப் படிச்சுட்டேன்."

"அக்கா! அது நான் இல்லக்கா! நான் உள்ள இருக்கேன்!" சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"பேப்பர் என்னமோ படபடக்குது. ஜன்னலைச் சாத்தும்மா," என்றாள் அக்கா.

எதிர்ச் சுவர் மெல்லச் சாய்ந்து அவள் மேல் இறங்கியது. மேலேயிருந்து ஒரு சொட்டுப் பசை, சில்லென்று, நெற்றியில் விழுந்தது. பிறகு இருட்டு.

புத்தகம் வந்துவிட்டது. முன்னுரை அருமை என்று பேச்சு. பம்பரம் இப்போதும் எல்லா விருந்துக்கும் போகிறாள். பேச்சு குறைந்துவிட்டது, இருமல் மட்டும் நிற்கவில்லை. ராத்திரியில் உட்கார்ந்து அடுத்த நாவல் எழுதுகிறாளாம். எப்படித்தான் இரண்டையும் சமாளிக்கிறாளோ என்று தோழிகளுக்கு ஆச்சரியம்.

அச்சகத்தில் மூட்டை ஏற்றியவர் ஒன்றைக் கவனித்தார். புரட்டிப் பார்த்த எல்லாப் பிரதியிலும் நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தன. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. புத்தகக் கட்டைத் தூக்கியபோது உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று வண்டியில் ஏற்றிவிட்டார்.

யாராவது ஒரே ஒருத்தர் அந்த இடம்வரை படித்து, விரலால் லேசாகப் பிரித்தால் போதும், உள்ளே இருப்பவள் வெளியே வந்துவிடுவாள். ஆயிரம் பிரதி போயிருக்கிறது. பக்கம் ஒட்டியிருக்கிறது என்று இதுவரை ஒருவரும் புகார் சொல்லவில்லை. கேட்டால் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

"படிச்சேன், நல்லாயிருக்கு. முடிவு மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கலாம்."