பாதியில் நின்ற கொடி

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அப்பாவின் கப்பல் வந்துவிட்டது. முதலில் பார்த்தது நான்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பதினொன்று ஐந்துக்கே தோன்றிவிட்டது.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே நின்று அப்பாவின் பழைய பைனாகுலரில் பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். அப்பா ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் மாலுமி. கொடி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு. அதனால் எனக்கும் கொடிப் பைத்தியம். வீட்டில் என்னைக் 'கொடிக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் தம்பியின் பட்டப்பெயர் பட்டாசு. ஆறு வயது. எதையும் மெதுவாகச் சொல்ல அவனுக்கு வராது.

"அக்கா! அப்பா தெரியறாரா?"

"இருடா. கொடி ஒண்ணு ஏத்தியிருக்காங்க. முழுக்க மஞ்சள்."

போன தடவை வந்தபோது அப்பா பழைய புத்தகக் கடையிலிருந்து எனக்கு ஒரு கொடிப் புத்தகம் வாங்கி வந்தார். அதற்கு அட்டை கிடையாது. முதல் பத்துப் பக்கங்களும் கிடையாது. "இப்போதைக்குப் படம் மட்டும் பாரு. மத்ததை நான் வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கா பொறுமை? ஒரே வாரத்தில் முழுவதையும் படித்துவிட்டேன்.

இப்போது மஞ்சள் கொடி இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

'கப்பலில் தொற்றுநோய் உள்ளது. யாரும் நெருங்க வேண்டாம்.'

பட்டாசு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினான். "தொற்... று... நோய்! அக்கா, அப்பாவுக்கு நோயா?"

"கத்தாதே! யார்கிட்டயும் மூச்சு விடாதே!"

யாரிடம் சொல்கிறேன்? அவன் அதற்குள் இரண்டு மாடி இறங்கியிருந்தான்.

அம்மா பேருந்து ஓட்டுகிறாள். மாலை ஐந்து மணி வரை அவள் போன் அணைந்துதான் இருக்கும். அப்பாவுக்கு அடிக்கலாம் என்றால், கப்பல் நங்கூரம் போட்டிருந்த இடத்தில் போன் எடுக்காது. எத்தனை தடவை போட்டாலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லும். அன்றைக்கும் சொன்னது.

அப்பாவுக்குக் காய்ச்சலோ? யாராவது தண்ணீர் கொடுத்தார்களா?

சும்மா நின்று என்ன ஆகப்போகிறது? தண்ணீர்த் தொட்டி ஓரமாக அப்பா எனக்கென்று ஓர் இரும்புக் கம்பம் நட்டு, கயிறும் கட்டியிருந்தார். முடிச்சுப் போட்டுவிட்டு எப்போதும் இரண்டு தடவை வெடுக்கென்று இழுப்பார். "ஒரு இழுப்பு கயித்துக்கு, ஒரு இழுப்பு கொடிக்காரிக்கு" என்பார்.

அந்தக் கம்பத்தில் கொடி ஏற்றிக் கேட்டுவிட வேண்டியதுதான்.

புத்தகத்தில் ஒரு கொடி இருந்தது. மேல் பாதி நீலம், கீழ் பாதி சிவப்பு. பொருள், 'உங்கள் கப்பலில் எல்லாரும் நலமா?' துணி காயப்போடும் கொடியில் இருந்த என் நீலப் பள்ளிப் பாவாடையையும் அம்மாவின் சிவப்புத் துண்டையும் எடுத்தேன். ஊக்கு குத்தி இணைத்து ஏற்றினேன்.

அதற்குள் கீழ்வீட்டு அத்தை மாவு அப்பிய கையோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். அப்பாவின் கப்பலில் சமையல் செய்கிற மாமாவின் மனைவி அவர். பின்னால் பட்டாசு, பெரிய வேலையை முடித்துவிட்டவன் மாதிரி.

"என்னடி சொல்றான் இவன்? கப்பல்ல எல்லாருக்கும் நோயாமே?"

"எல்லாருக்கும்னு நான் சொல்லலை அத்தை. கேட்டிருக்கேன். பதில் வரும்."

பதில் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, நுனி கூம்பிய நீளக் கொடி ஒன்று கப்பலில் மெல்ல ஏறியது. கம்பத்தில் பாதி உயரம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். வெள்ளை மாவு அப்படியே பதிந்தது. "ஐயோ, அரைக் கம்பத்துல கொடி! யாரோ போயிட்டாங்கடி!"

"இல்லை அத்தை, இல்லை! அது வேற. இது பதில் கொடி. பாதி ஏறினா 'உன் கொடியைப் பார்த்தேன்'னு அர்த்தம். உச்சிக்குப் போனா 'புரிஞ்சுது'ன்னு அர்த்தம். அப்பாவே சொல்லியிருக்கார்."

வீட்டில்கூட நாங்கள் அப்படித்தான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பட்டாசு கையைப் பாதி தூக்குவான். காதில் விழுந்தது, ஆனால் வரமாட்டான் என்று பொருள்.

"அப்போ ஏன் மேல போகலை?" என்றார் அத்தை.

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. கொடி அசையவில்லை.

"எனக்குப் பொறுக்கலை. படகு பிடிச்சாவது போய்ப் பாத்துடறேன்" என்று அத்தை கிளம்பினார். கடலில் காற்று ஏறிக்கொண்டிருந்தது. சின்னப் படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"வேண்டாம் அத்தை! எனக்கு ஒரு நிமிஷம் கொடுங்க!"

கண்ணை மூடி யோசித்தேன். பார்த்துவிட்டார்கள். ஆனால் புரியவில்லை. நான் ஏற்றியது தப்பா? புத்தகத்தில் இருக்கிறபடியேதானே ஏற்றினேன்! அப்படியென்றால்...

புத்தகத்தை மளமளவென்று புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கப்பல் படம். எல்லாம் பாய்மரக் கப்பல். ஒன்றில்கூடப் புகைபோக்கி இல்லை.

"அத்தை, இது ரொம்பப் பழைய புத்தகம்! அவங்க கையில இருக்கறது வேற புத்தகம். அதான் புரியலை. மஞ்சள் கொடிக்கும் இப்போ வேற அர்த்தம் இருக்கலாம். பத்தே நிமிஷம். பைனாகுலரைப் பிடிங்க. நான் வர்ற வரைக்கும் நீங்க நகரக் கூடாது!"

அடுத்த தெருவில் கப்பல் சாமான் கடை இருக்கிறது. ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கே போனது என்றே தெரியாது. கடைக்கார அக்கா கயிறு அளந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, புதுக் கொடிப் புத்தகம் இருக்கா?"

"வாங்கறதுக்கா, பாக்கறதுக்கா?"

"பாக்கறதுக்குத்தான். உயிர் போற அவசரம்!"

"ஓசியில பாக்கறவங்களுக்குத்தான் அவசரமே ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே அக்கா புத்தகத்தை எடுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "என்ன ஆச்சு?"

பதில் சொல்ல எனக்கு நேரம் ஏது? மஞ்சள் கொடியைத் தேடினேன். அவசரத்தில் பக்கம் இரண்டிரண்டாகப் புரண்டது. கிடைத்துவிட்டது.

'என் கப்பலில் எல்லாரும் நலம். துறைமுகத்துக்குள் வர அனுமதி வேண்டும்.'

மூன்று தடவை படித்தேன். என் பழைய புத்தகத்தையும் அக்காவிடம் காட்டினேன்.

"அடிப்பாவி, இதை வச்சா படிச்சே? அந்தக் காலத்துல ஆளுக்கு ஒரு புத்தகம் வச்சிருந்தாங்க. ஒரு கப்பல் ஒண்ணு சொல்ல, இன்னொரு கப்பல் வேறெதையோ புரிஞ்சுக்கும். அப்புறம்தான் எல்லா நாடும் சேர்ந்து ஒரே புத்தகம் போட்டாங்க. முன்னெல்லாம் மஞ்சள்னாலே நோய்தான். இப்போ தலைகீழ். சரி, நீ என்ன கொடி ஏத்துனே?"

"மேல நீலம், கீழ சிவப்பு."

அக்கா பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்!' உங்க வீடு வலப்பக்கம் திரும்புதா? பாத்துடி, பக்கத்து வீட்ல இடிச்சிடப் போகுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு புத்தகத்தை நம்பி ஒரு தடவை பயந்தாயிற்று. இன்னொரு புத்தகத்தை நம்பி நிம்மதியாகிவிட முடியுமா? அப்பாவிடமிருந்தே பதில் வர வேண்டும். 'உன்னோடு பேச விரும்புகிறேன்' என்ற கொடியைப் பார்த்து வைத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். கம்பத்தை ஒட்டி மஞ்சள், வெளிப்பக்கம் நீலம்.

மாடியில் அத்தை பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பதில் கொடி இன்னும் பாதியிலேயே நின்றது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நலம்னா போட்டிருக்கு? நிஜமாவா?" அத்தை பைனாகுலரை இறக்காமலே கேட்டார்.

"கேட்டே பாத்துடலாம் அத்தை. டேய் பட்டாசு, சட்டையைக் கழட்டு!"

"ஏன்? எனக்குக் கூச்சமா இருக்கு!"

"ஊரைக் கூட்டும்போது கூச்சம் இல்லையா? மஞ்சள் சட்டை உன்கிட்டதான் இருக்கு. கழட்டுடா!"

நீலப் பாவாடையையும் மஞ்சள் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊக்கு குத்தினேன். பழைய கொடியை இறக்கிப் புதியதை ஏற்றினேன். கப்பலிலும் பதில் கொடி இறங்கியது. பிறகு வெகுநேரம் எதுவுமே நடக்கவில்லை.

சிவப்பு வெள்ளைக் கொடி ஏறத் தொடங்கியது. பாதி வரை வந்தது. நின்றது.

"போ... மேல போ..." என்றேன். அத்தை என் கையை நெரித்துவிட்டார்.

கொடி விறுவிறுவென்று உச்சிக்குப் போனது. போன பிறகு ஒரு தடவை வெடுக்கென்று ஆடியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

இரண்டு இழுப்பு.

"அப்பா!" என்று கத்தினேன். அன்றைக்குப் பட்டாசைவிட நான்தான் அதிகமாகக் கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அத்தை என் கன்னத்தைத் துடைக்கிறேன் என்று முகமெல்லாம் மாவு பூசிவிட்டார்.

மதியம் துறைமுக மருத்துவரின் படகு கப்பலுக்குப் போய் வந்தது. மஞ்சள் கொடி இறங்கியது. மாலை ஆறு மணிக்கு அப்பா பையும் தாடியுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல பதில் கொடி ஏத்துனது கேப்டன். நான் குளிச்சிட்டிருந்தேன்" என்றார். "கேப்டன் ஓடி வந்து, 'யோவ், உன் வீடு எங்கேயோ திரும்புதாம், சீக்கிரம் வா'ன்னார்!"

அம்மா சிரித்து முடித்ததும் இடுப்பில் கை வைத்தாள். "அதெல்லாம் சரி. இனிமே எதுன்னாலும் சரியா விசாரிக்காம ஊர் முழுக்கச் சொல்லக் கூடாது. ரெண்டு பேருக்கும் புரிஞ்சுதா?"

நான் கையை உச்சி வரை தூக்கினேன்.

பட்டாசு பாதிதான் தூக்கினான்.